பழைய ஜீப்புக்கு ஏன் இத்தனை சொந்தக்காரர்கள்?

அன்புள்ள ஐயா,

அப்பா கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். அவர் ஓட்டிய 1992 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தோடு போய்வர ஒரு புது எஸ்.யு.வி.யும் வைத்திருக்கிறேன். போன ஆடி மாதம் ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும்போது பாதி மலையில் நின்றுவிட்டது. பழைய மாருதி ஜிப்ஸியில் வந்த ஒருவர், நான் கைகூடக் காட்டவில்லை, தானே நிறுத்தி இறங்கினார். சாரலில் நனைந்தபடி பானெட்டுக்குள் தலையை விட்டு, ‘ஏர் லாக்’ என்றார். வெடித்திருந்த டீசல் ஹோஸை சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். பணத்தை நீட்டியபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. போடியில் ஒரு மெக்கானிக்கின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மெக்கானிக் வழியாக இன்னும் நாலு பேர் பழக்கமானார்கள். பொள்ளாச்சியிலிருந்து முகம் தெரியாத ஒருவர் என் வண்டிக்கு யூ ஜாயின்ட் என்ற பாகத்தை பஸ் பார்சலில் போட்டுவிட்டு, ‘காசு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார். புது வண்டி ஒருமுறை நான்குவழிச் சாலையில் நின்றபோது வெகுநேரம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய வண்டிக்காரர்களுக்குள் மட்டும் ஏன் இப்படி? இது நிஜமான நட்பா, அல்லது விளையாட்டுச் சாமான் வைத்திருக்கும் ஆண்களின் கூட்டா? இரண்டாவது கேள்வி என் மனைவியுடையது. வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். அவரும் நீங்கள் எழுதுவதைப் படிப்பவர் என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் கம்பம், ஏலக்காய், 540 என்று இவ்வளவையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் வீட்டில் தெரியாமலா போகும்? அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் அந்த நான்குவழிச் சாலை. யாரும் நிற்காமல் போனதற்காக மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நின்று என்ன செய்வார்கள்? புது வண்டியில் ஏதோ ஒரு சென்சார் தகராறு செய்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். என்ன கோளாறு என்று பார்க்கவே ஸ்கேனர் வேண்டும். பானெட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. இருபது வருட அனுபவமுள்ள மெக்கானிக்கே அந்த வழியாக வந்தாலும் கம்பெனிக்கு போன் பண்ணுங்கள் என்றுதான் சொல்ல முடியும். உதவ முடியாத இடத்தில் உதவும் மனசு இருந்தும் பிரயோஜனமில்லை.

உங்கள் 540இல் இருப்பது பெஜோ வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் என்ஜின். அதில் மின்னணு மூளை எதுவும் கிடையாது. டீசல் வர வேண்டும், காற்று கலக்காமல் வர வேண்டும், என்ஜினில் அழுத்தம் இருக்க வேண்டும், குளிர் காலையில் ஹீட்டர் வேலை செய்ய வேண்டும். இவை சரியாக இருந்தால் ஓடியே தீரும். டாங்கிலிருந்து பம்ப் வரை டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஹோஸ் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் புதிதாக ஓட்டுபவர் கண்ணில் படவே படாது. ஏற்கெனவே ஒருமுறை அப்படி வழியில் நின்று பட்டவருக்கு வண்டி இருமி நின்ற விதத்தைக் கேட்டாலே போதும். ஜிப்ஸிக்காரரிடம் அந்த நேரத்தில் உங்களுக்கு உபயோகமான ஒன்று இருந்தது, அது தன்னிடம் இருப்பது அவருக்கும் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கடந்து போவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு காரணம் இந்த வண்டிகளின் பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்துகொடுத்தன. யார் செய்திருந்தாலும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ஃபோர்டு தான் செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, தன் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்து அனுப்பியது. ஆனால் அந்த போல்ட் வில்லிஸிலும் சரியாக உட்காரும். போர்க்களத்தில் நொறுங்கிய இரண்டு வண்டிகளைப் பிரித்து ஓடக்கூடிய ஒன்றைத் தேற்றிவிடலாம். சுதந்திரம் வந்த சமயத்தில் பம்பாயில் மஹிந்திரா பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கியது இந்த வில்லிஸின் வாரிசைத்தான். என்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் ஸ்பைசர் டிரான்ஸ்பர் கேஸ் 1941இல் வந்தது, அதன் வம்சம் பல பத்தாண்டுகள் கழித்தும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. ராணுவம் தன் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. பொள்ளாச்சிக்காரரின் கொட்டகையில் கிடக்கும் யூ ஜாயின்ட் உங்கள் வண்டிக்கும் உதவுவது அதன் தூரத்துப் பலன்.

கூடவே, இதைப் பற்றிய அறிவு ஓர் இடத்தில் இல்லை. எந்த வண்டியின் வாட்டர் பாடி எதில் உட்காரும், எந்த ஆயில் சீல் லாரிக் கடையிலேயே கிடைக்கும், எந்தப் பல்சக்கரத்தை கோயம்புத்தூர் லேத்தில் கடைந்து வாங்கலாம், சென்னை புதுப்பேட்டையில் எந்தச் சந்துக்குள் போனால் பழைய ஹவுசிங் கிடைக்கும் என்பதெல்லாம் ஆள் ஆளுக்கு ஒரு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. முழுதும் தெரிந்தவர் யாரும் கிடையாது. தெரியும் என்பவரை நம்பாதீர்கள். முப்பது வருடப் பழைய வண்டியைத் தனியாளாக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இந்தக் கூட்டம் கூடுகிறது. குணம், பண்பு எல்லாம் அப்புறம் வந்து சேருபவை.

சரி, ஜிப்ஸிக்கும் உங்கள் ஜீப்புக்கும் பொருந்துகிற பாகமே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1985 டிசம்பரில் வந்த ஜிப்ஸி சுஸுகியின் ஜாதி. முதலில் 970 சி.சி., பிறகு 1,298 சி.சி., எப்போதுமே பெட்ரோல். பொதுச் சந்தையில் அதை 2019இல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் வண்டியின் ஒரு போல்ட்கூட அதற்கு ஆகாது. இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் எது மலையேறும் என்ற சண்டை அந்தக் காலத்திலிருந்தே உண்டு. நானும் பழைய ஜிப்ஸி வைத்திருப்பவன் என்பதால் அந்தச் சண்டையில் என் கட்சி எது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஆனால் திறந்த பானெட்டோடு வளைவில் நிற்கும் ஒரு வண்டியைப் பார்த்தால், அடுத்த முறை அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்று இரண்டு கோஷ்டிக்குமே தெரியும். உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். வாங்காததால் அது திறந்தே கிடக்கிறது. அதை நீங்கள் அவரிடம் தீர்க்கப்போவதில்லை. இன்னும் சில மாதத்தில் வேறு யாரோ ஒருவரின் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருப்பீர்கள். அவரும் அதே பணத்தை நீட்டுவார். கோபம் ஏன் வந்தது என்று அன்றைக்குப் புரியும்.

இந்த விஷயத்தில் என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாருங்கள். விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிற ட்ரிப் ஜீப்புகள் எத்தனை! அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, விபத்துகளும் நடந்து, வழக்குகளும் வாங்கிய தொழில் அது. அதை அழகாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஓட்டுநர்களில் ஒருவருக்கு வழியில் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் பின்னால் வரும் ஜீப் அவருடைய ஆட்களில் பாதியையாவது ஏற்றிக்கொள்ளும். ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ தோட்டத்தில் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

சூரிய உதயம் பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை போகிற பாதை இன்னும் தெளிவான உதாரணம். அங்கே தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப் போவது கேரளம் வழியாக. கல்லும் குழியுமான பாதை, பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். முன்னால் போகிற ஜீப்பில் ஜாயின்ட் ராடு கழன்றால் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் சூரிய உதயம் போச்சு, வாடகையும் போச்சு. அதனால் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு ஸ்பேனரோடு வருவார்கள். திட்டிக்கொண்டேதான் வேலை நடக்கும். அதை நட்பு என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

மேற்கு வங்கத்தில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்ஜங் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். 1950களின் லேண்ட் ரோவர்கள் அந்தப் பாதையில் பல தலைமுறையாக ஆளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு போயின. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள். அதனால் உடல் துருப்பிடித்து உதிராமல் இத்தனை காலம் தப்பித்தது. உள்ளே நிறைய வண்டிகளில் துடிப்பது மஹிந்திராவின் டீசல் என்ஜின்! வெள்ளைக்காரன் வண்டிக்கு நம் ஊர் இதயம். ஒரிஜினலா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நாளைக்குக் காலையில் ஏறுமா என்பதுதான் கேள்வி.

நகரத்து வட்டங்களில் அந்த ‘ஒரிஜினல்’ பெரிய நோயாகிவிட்டது. வைப்பர் கைப்பிடி அந்த வருடத்துடையதா என்று கேட்டு ஆளை எடைபோடுவார்கள். நாலு வண்டிக்கான ஸ்பேரை ஒருவரே வாங்கி கொட்டகையில் பூட்டிவைத்துவிட்டு, தட்டுப்பாடு வந்ததும் விலை சொல்பவர்களும் உண்டு. அவர்களும் கூட்டத்தில் தோள்மேல் கைபோட்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், சோலைப் புல்வெளியிலும் ஓடைக்குள்ளும் வண்டியை இறக்கிச் சேற்றை வாரியடிக்கிற கூட்டம். சக்கரத் தடம் ஒருமுறை விழுந்தால் அந்த வழியே மழைநீர் மண்ணை அறுத்துக்கொண்டு போகும். உங்களை யாராவது அப்படி ஒரு ‘ட்ரிப்’புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். யூ ஜாயின்ட் கொடுத்தவரே கூப்பிட்டாலும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் மீனவர்கள் படகுகளோடு வந்து செய்ததற்கு ஈடே இல்லை. அதே நாட்களில் உயரம் கூட்டிய ஜீப்புகளோடு நான்கு சக்கர வண்டிக்காரர்களும் இறங்கி, சாதாரணக் கார் போக முடியாத தண்ணீரில் ஆளையும் மருந்தையும் சாப்பாட்டையும் கொண்டுபோனார்கள். யார் வண்டி எவ்வளவு தண்ணீர் தாங்கும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குள் முன்பே தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிப்பேச்சு ஒரு நாள் உபயோகப்பட்டது.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டுச் சாமான் என்று அவர் சொன்னது பெருமளவு சரி. பொள்ளாச்சிக்காரரின் தாராளத்தைப் பற்றி எழுதினீர்கள். அந்த வீட்டில் கொட்டகை நிறைய இரும்பையும் கிரீஸ் படிந்த சட்டைகளையும் சகித்துக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதவில்லை. போடி மெக்கானிக்கையும் கவனியுங்கள். ‘நம்ம ஆளு’ என்று தோளில் தட்டிவிட்டு எல்லோரும் கூலியைக் குறைத்துக்கொடுக்கும் இடம் அதுதான். ஜிப்ஸிக்காரர் காசு வாங்கவில்லை, சரி. மெக்கானிக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும், கேட்டதற்கு மேலேயே.

விற்கலாமா? ஓட்டப்போகிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். உறைபோட்டு நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஓட்டுகிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓடாத டீசல் வண்டி ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். யூரோ, பாரத் ஸ்டேஜ் பேச்செல்லாம் வருவதற்கு முந்தைய என்ஜின் அது, புகைக்கும். மதுரை டவுனுக்குள் தினமும் ஓட்ட அது வேண்டாம்.

எப்படி முடிவெடுத்தாலும் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கால மலை ஜீப்புகளில் பெஜோ என்ஜினைக் கழற்றிவிட்டு மஹிந்திராவின் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் என்ஜினை மாட்டியவர்கள் ஏராளம், பதிவு செய்யாமலே. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் அப்பா மாற்றியிருந்தால் எஃப்.சி. காட்டும் அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் இன்னும் கூட்டிவிட்டார்கள். வீட்டில் பேசும்போது இந்தத் தொகையை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

விற்பது என்று முடிவானால் எனக்கு எழுதுங்கள். நான் வாங்க மாட்டேன், எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்றோடு நிறுத்தச் சொல்லி உத்தரவாகிவிட்டது. ஆனால் இடுக்கியில் சாந்தன்பாறைப் பக்கம் ஒருவர் 540 தேடிக்கொண்டிருக்கிறார். வேலைக்கு ஓட்டப்போகிறவர், ஏலக்காய் மூட்டை ஏற்றத்தான்.

அன்புடன்.