பக்ஸ் பாயின்ட் லேஸ் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? கேள்வி பதில்

மாலதி: அக்கா, பாபின் லேஸ் (சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைக் குண்டூசி குத்திப் பின்னும் லேஸ்) வகைகளில் எனக்குப் பக்ஸ் பாயின்ட் மேல்தான் ஆசை. நேராக அதற்கான புத்தகத்தையே வாங்கிவிடலாமா?

வாங்கி வையுங்கள். ஆனால் டார்ஷன் என்ற எளிய பாபின் லேஸ் வகைக்கான ஒரு புத்தகத்தைப் பாதியாவது பின்னி முடித்த பிறகு அதைத் திறந்து பாருங்கள். பாபின் லேஸ் முழுக்க இரண்டே அசைவுதான்: இரண்டு ஜோடி நூல்களில் நடு நூல்களைக் குறுக்கே மாற்றுவது, ஒவ்வொரு ஜோடியையும் முறுக்குவது. தடித்த நூலில், 45 பாகைக் கட்டத்தில் டார்ஷன் பின்னும்போது இவை கைக்குப் பழகிவிடும். பக்ஸ் எனப்படும் இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர் பாணியில் நூல் மிக மெல்லியது.

டார்ஷன் லேஸின் பின்னணி வலையில் குண்டூசி குத்தியதும் அதே இரண்டு ஜோடிகளை மறுபடி பின்னி ஊசியை மூடுகிறோம். பக்ஸ் வலையிலோ ஒருமுறை குறுக்கே மாற்றி, மூன்று முறை முறுக்கி, ஊசி குத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும். ஊசியைப் பூட்ட எதுவும் கிடையாது. நூலை ஒரே சீராக இழுத்திருந்தால்தான் கண்ணி ஒழுங்காக நிற்கும். இதைப் பெரிய படம் போட்டு விளக்காத பக்ஸ் புத்தகம், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ரெஜினா: பமீலா நாட்டிங்ஹாமின் பக்ஸ் பாயின்ட் புத்தகம் 1981-இல் வந்தது. பழசாகிவிடவில்லையா?

பின்னல் மாறவில்லை. என் முதல் பரிந்துரையே அதுதான். பழைய புத்தகங்களில் இடிப்பது நூலின் பெயர்; சில நூல்கள் இப்போது கடையில் கிடையாது. கையில் உள்ள நூலை அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றி, 1 செ.மீ.க்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மாதிரிக்குப் பொருந்தும் என்று தெரிந்த நூலோடு ஒப்பிட்டால் போதும்.

கவிதா: 1557-இல் வெனிஸில் அச்சான 'லெ பொம்பே' இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் கற்கலாமா?

அதில் அலங்கார மாதிரிப் படங்கள்தான் உண்டு, செய்முறை கிடையாது. கை தேர்ந்த பிறகு பாருங்கள், அவ்வளவு அழகு!

சுதா: பெல்ஜியப் புத்தகம் ஒன்று மலிவாக வருகிறது. எனக்கு அந்த மொழி தெரியாது.

பரவாயில்லை. அங்கே படங்களுக்கு வண்ணக் குறியீடு உண்டு. ஊதா என்றால் துணித் தையல் (துணி போல அடர்ந்த பின்னல்), பச்சை என்றால் அரைத் தையல் (வலை போல இடைவெளி உள்ள பின்னல்). நிறம் பார்த்தே பின்னலாம். ஆனால் லேஸின் நேர் விளிம்பு அங்கே பெரும்பாலும் இடப்பக்கம் வரும். இங்கிலாந்து முறையில் வலப்பக்கம். இரண்டையும் கலந்து படித்தால் ஆரம்பத்தில் குழப்பம்தான், முதல் புத்தகமாக வேண்டாம்.

நிஷா: பிடிஎஃப் வாங்கினால் போதுமா?

போதும். அச்செடுக்கும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஊசி குத்தும் புள்ளிகள் நெருங்கிவிட்டால் புத்தகம் சொன்ன நூல் அந்த மாதிரிக்குத் தடிப்பாகிவிடும்.