ஸ்டவுட் கரி போலக் கசக்கிறதா? தானியம், தண்ணீர், ஹாப்ஸ்: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் அளவில் ஸ்டவுட் என்ற கருநிறப் பீர் காய்ச்சினேன். 3 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி), அதோடு வறுத்த பார்லி, சாக்லேட் மால்ட், பிளாக் மால்ட் மூன்றும் தலா 300 கிராம். குழாய்த் தண்ணீர் உப்பு அதிகம் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொண்டேன். கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூவில் சிட்ரா வகை 60 கிராம். பாதி ஆரம்பத்தில், பாதி கடைசி ஐந்து நிமிடத்தில். நிறம் அருமையாக வந்தது. ஆனால் கரி வாசம், புளிப்பு, தண்ணீர் போன்ற மெலிவு; நுரையும் நிற்கவில்லை. எந்தத் தானியம், எந்த ஹாப்ஸ் வாங்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய அளவுகளிலேயே விடை இருக்கிறது. மொத்தம் 3.9 கிலோ தானியத்தில் 900 கிராம் கருந்தானியம், அதாவது 23 சதவீதம். அயர்லாந்து வகை உலர் ஸ்டவுட்டுக்கு 10 சதவீதமே போதும். அதற்கு மேல் போட்டால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, கரிச்சுவைதான் ஏறும். சாம்பாருக்கு மிளகாய் எப்படியோ, ஸ்டவுட்டுக்குக் கருந்தானியம் அப்படி. பருப்பின் அளவுக்கு மிளகாய் போடுவாரில்லை.

அடுத்த முறை வாங்கியதும் ஒவ்வொன்றிலும் இரண்டு மணியை எடுத்து மென்று பாருங்கள். வறுத்த பார்லி, முளைகட்டாத பார்லியை அப்படியே வறுத்தது. கடித்தால் மொறுமொறுவென உடைந்து, சர்க்கரை போடாத காபி டிகாக்‌ஷன் போல உலர்ந்த கசப்பு நாக்கில் நிற்கும். ஸ்டவுட்டின் அடையாளமே அந்தக் கசப்புதான். சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் எதுவும் இல்லை, நிறத்தால் வந்த பெயர். முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கொஞ்சம் குறைவாக வறுத்தது, கொட்டை வறுத்த மணம் வரும். பிளாக் மால்ட்டைக் கடித்தால் சாம்பல். 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு வந்த சரக்கு இது. சிறிதளவு போட்டாலே மொத்த பீரும் கறுத்துவிடும் என்பதுதான் அதன் பயன். அதை 300 கிராம் போட்டதுதான் உங்கள் கரி வாசத்துக்கு முதல் காரணம். உலர் ஸ்டவுட்டுக்கு அது தேவையே இல்லை.

20 லிட்டருக்கு நாங்கள் சொல்லும் அளவு இது: பேல் மால்ட் 2.9 கிலோ (மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகையில் செய்தது கிடைத்தால் நல்லது), பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். இந்த மூன்றே போதும். காபிக் கசப்பு கொஞ்சம் மென்மையாக வேண்டுமானால் வறுத்த பார்லியை 300 ஆக்கி, 100 கிராம் சாக்லேட் மால்ட் சேர்க்கலாம். மூன்று கருந்தானியங்களையும் ஒன்றாகப் போட வேண்டாம். எது என்ன சுவை தந்தது என்று பிரித்தறியவே முடியாமல் போகும்.

உங்கள் பட்டியலில் விடுபட்டது பார்லி அவல். நம் அரிசி அவலைப் போலத் தட்டையானது; ஆவியில் வேக வைத்து உருட்டியது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற பசை நாரும் புரதமும்தான் வாயில் ஒரு கனத்தைத் தருகின்றன, நுரையையும் தாங்குகின்றன. நான்கரை சதவீத ஆல்கஹால்கூட இல்லாத உலர் ஸ்டவுட் பாயசம் போல வழுவழுப்பாக இறங்குவது இதனால்தான். ஆனால் அவலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி கிடையாது. பேல் மால்ட்டோடு சேர்த்து ஊற வைத்தால்தான் பயன். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டிலிருந்து ஏற்கெனவே எடுத்த சர்க்கரைப் பாகு) டப்பாவை வைத்துக் காய்ச்சுகிறவர்கள் அவலை வெந்நீரில் மட்டும் ஊற வைத்து வடித்துச் சேர்த்தால், பீரில் கஞ்சிதான் சேரும். அவர்கள் வறுத்த பார்லியை மட்டும் ஊற வைத்து வடித்துக்கொண்டால் போதும்.

தானியத்தை மிக்ஸியில் போட்டுப் பொடியாக்காதீர்கள். ஒவ்வொரு மணியும் மூன்று நான்காக உடைந்து, உமி கிழியாமல் இருக்க வேண்டும். அந்த உமிதான் வடிகட்டியாக வேலை செய்கிறது. மாவானால் அவலோடு சேர்ந்து பசையாகி, வடிகால் அடைத்துக்கொள்ளும்.

புளிப்புக்கும் மெலிவுக்கும் காரணம் தண்ணீர். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருந்தானியம் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணப்பாறை வழியாக வருவது. உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் வேலை. அந்தப் பைகார்பனேட் கருந்தானியத்தின் அமிலத்தைச் சமன் செய்துவிடும். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கருநிறப் பீர் தழைத்ததற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். போர்ட்டரில் வலுவானதைத்தான் 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள், பிறகு அது வெறும் ஸ்டவுட் ஆனது. டப்ளின் தண்ணீரும் இதே மாதிரிதான். நீங்கள் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியதும் சமன் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. ஊறலின் (தண்ணீரில் ஊறும் தானியத்தின்) பி.எச்., அதாவது அமில அளவு, 5.2-க்குக் கீழே இறங்கினால் சுவை கூர்மையாகப் புளிக்கும், பீரும் மெலியும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்.

ஆகவே குழாய்த் தண்ணீருக்கே திரும்புங்கள். அதிலுள்ள குளோரினை மட்டும் போக்க வேண்டும். இல்லையென்றால் பீரில் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். கிளாஸ்கோ, மான்செஸ்டர் போல மென்தண்ணீர் வரும் ஊர்களில் இருப்பவர்கள் ஊறலின் 11 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் சமையல் சோடா போடலாம், அல்லது வறுத்த பார்லியைத் தனியே வைத்திருந்து கடைசி 15 நிமிடத்தில் மட்டும் சேர்க்கலாம். ஆறவைத்த மாதிரியில் பி.எச். 5.4 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். காகிதப் பட்டையை நம்பாதீர்கள்: கறுப்புத் திரவத்தில் அதன் நிறம் தெரியாது. சிறிய பி.எச். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிக் காய்ச்சும் முறை. 11 லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறினால் 66 டிகிரியில் வந்து நிற்கும். மூடி, போர்வை சுற்றி ஒரு மணி நேரம் வைக்கவும். வெப்பம் 70-க்கு மேல் ஏறினால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சிப் பீர் தித்திக்கும். 63-க்கு இறங்கினால் இன்னும் மெலியும். பிறகு மெல்ல வடித்து, 76 டிகிரி வெந்நீர் 17 லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊற்றிக் கழுவி எடுத்தால் கொதிக்க வைக்க 24 லிட்டர் கிடைக்கும். வடிவது நின்றுபோனால் பதற்றத்தில் குத்திக் கிளறாமல், குழாயை மூடி, மேல்பகுதியை மட்டும் கத்தியால் லேசாகக் கீறிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மெல்லத் திறக்கவும். ஒரு மணி நேரக் கொதிக்குப் பின் ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் கரைந்த சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) 1.042 அளவில் காட்ட வேண்டும்.

ஹாப்ஸ் விஷயத்தில் சிட்ராவை விட்டுவிடுங்கள். அது நல்ல ஹாப்ஸ்தான், வெளிர் நிறப் பீருக்கு. அதன் சாத்துக்குடி, மாம்பழ மணம் கடைசி நிமிடத்தில் சேரும்போது, வறுத்த பார்லியின் காபிக் கசப்போடு மோதுகிறது. பில்டர் காபியில் எலுமிச்சை பிழிந்தது போல. சென்டெனியல், கேஸ்கேட் போட்ட அமெரிக்க ஸ்டவுட்டுகள் உண்டு, ஆனால் அவை இதைவிடக் கனமானவை. உங்களுக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் அல்லது ஃபகிள் பொருந்தும். மண் வாசமும் மெல்லிய மூலிகை வாசமும் கொண்ட ஆங்கில ஹாப்ஸ் இவை. பாக்கெட்டில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்றிருந்தால் 55 கிராம். முழுவதையும் கொதி தொடங்கும்போதே போட்டுவிடவும். இது ஏறக்குறைய 34 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பைத் தரும். ஆல்ஃபா வேறாக இருந்தால் 275-ஐ அந்த எண்ணால் வகுக்கவும்: 10 சதவீதம் உள்ள டார்கெட் ஹாப்ஸ் என்றால் 27 அல்லது 28 கிராம். கடைசியில் எதுவும் சேர்க்க வேண்டாம்.

18 முதல் 20 டிகிரிக்குள் ஆறவைத்து 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைத் தூவவும். எஸ்-04, நாட்டிங்ஹாம் இரண்டுமே சரியானவை. முதல் மூன்று நாள் வெப்பம் 22-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பழவாசம் ஏறாது. பத்து நாளுக்குப் பிறகு, இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடும் 1.010 பக்கத்தில் ஒரே எண்ணாக நின்றால் மட்டும் பாட்டிலில் அடைக்கவும். 85 கிராம் சர்க்கரையைக் கொதிக்க வைத்து ஆற்றி, மொத்தப் பீரோடும் கலந்து நிரப்பலாம். நொதிப்பு முடியாமல் அடைத்த பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கையைக் கிழிக்கும். இதில் அவசரம் கூடாது.

நுரைக்காகச் சர்க்கரையைக் கூட்டுவதும் வேண்டாம். பப்பில் ஊற்றும் அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸின் பாலாடை போன்ற நுரை நைட்ரஜன் வாயுவால் வருவது. 1959-இல் வந்த முறை. வீட்டுப் பாட்டிலில் குமிழி கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். அவல் சேர்த்திருந்தால் அதுவும் நன்றாகவே நிற்கும். கண்ணாடிக் குவளையைப் பாத்திர சோப்பு மிஞ்சாமல் அலசுங்கள். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையை உடனே கொன்றுவிடும்.

இலங்கையின் லயன் ஸ்டவுட்டை மனத்தில் வைத்துக் கேட்கிறவர்களுக்கு: அது 8.8 சதவீதம், தித்திப்பான வெப்பமண்டல வகை. அதற்கு இந்த அளவுகள் உதவாது. வறுத்த பார்லியைப் பாதியாக்கி, சாக்லேட் மால்ட்டும் தித்திப்பு தரும் கிறிஸ்டல் மால்ட்டும் கூட்டி, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து 1.070-க்கு மேல் தொடங்க வேண்டும், ஈஸ்ட்டும் இரண்டு பாக்கெட். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவதற்கே அனுமதி இல்லை என்பதை அங்கிருந்து படிப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

இப்போது கையிலுள்ள பாட்டில்களைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு குவளை ஊற்றி, கத்தி முனையில் நிற்கும் அளவு சமையல் சோடா கரைத்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு மழுங்கினால் பி.எச். சிக்கல்தான்; குளிர்ந்த இருட்டில் இரண்டு மாதம் விட்டால் கரிச்சுவை ஓரளவு தணியும், இறைச்சிக் குழம்பு கொதிக்கும்போது ஒரு பாட்டில் ஊற்றவும் உதவும். வாரத்துக்கு வாரம் புளிப்பு ஏறி, பாட்டில் கழுத்தில் வெள்ளை ஆடை படிந்தால் அது கிருமி. அப்போது பீரைக் கொட்டிவிட்டு, கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியையும் ரப்பர் குழாயையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.