கொல்லைக் கீரையும் கூடைப் பழமும்: கேளுங்கள், சொல்கிறேன்

மனையியல் கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கீரை, காய், பழம், இவற்றைச் சமைக்கும் விதம் பற்றிக் கேட்டால் இன்று மாலை முழுவதும் பதில் சொல்வேன். நோய்க்கு மருந்து கேட்காதீர்கள், நான் மருத்துவர் அல்ல. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சாறு எடுத்து வெறும் வயிற்றில்" என்று தொடங்கும் கேள்வி எதுவாக இருந்தாலும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான்.

கோவை மருமகள்: டீச்சர், பெரிய நெல்லிக்காய் தினமும் எத்தனை சாப்பிடலாம்? மாமியார் ஐந்து என்கிறார். கைபேசியில் வந்த செய்தி பத்து என்கிறது.

பதில்: ஒன்று போதும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதற்கு முந்தைய அட்டவணையில் 600 என்று இருந்தது. கைபேசியில் சுற்றும் செய்திகள் இன்னமும் அந்தப் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது, 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். கொட்டை நீக்கி 40 கிராம் சதை தேறும் ஒரு காயிலேயே அது கிடைத்துவிடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். பத்து தின்றால் பல் கூசும், வயிறு எரியும், அவ்வளவுதான் லாபம்.

(அந்த நிறுவனம் பிறந்த இடம் நம் குன்னூர். 1918இல் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக அங்கே தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. மாணவிகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

நெல்லிக்காயைச் சமைக்காமல் சாப்பிட நல்ல வழி பச்சடி. இரண்டு காயைக் கொட்டை நீக்கி, ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். கெட்டித் தயிரில் கலந்து கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். நான்கு பேருக்கு வரும். தயிர் புளித்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், இரண்டு புளிப்பும் சண்டை போடும். நெல்லிக்காய் வராத மாதங்களில் கொய்யா இருக்கவே இருக்கிறது. அதிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டி வைட்டமின் சி உண்டு. பழநி பக்கம் போனால் ஆயக்குடிச் சந்தையில் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள்.

நடைப்பயிற்சிக்காரர்: உடல் எடை குறைய, காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறேன். சில நாள் கசக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஐயா, குடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல் என்று போய் உயிரிழந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று நிபுணர் குழு அமைத்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. எலுமிச்சை அந்த நச்சை முறிக்காது, கசப்பை மறைத்துக் கொடுக்கும். அது இன்னும் ஆபத்து. குடித்தபின் வயிற்றைப் புரட்டினால் வீட்டில் படுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கூட்டு வைக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை தெரியுமா? நறுக்கியதும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, கசந்தால் காயையே தூக்கி எறிவார்கள். சாறு குடிப்பவரோ "மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்.

சர்க்கரைக்காரர்: நாவல்கொட்டைப் பொடி சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். நாவல்பழம் கிடைக்கும் காலத்தில் பத்துப் பழம் சாப்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

அடுப்படி ஆரம்பம்: அம்மா, பிரண்டைத் துவையல் செய்தேன். ஒரு வாய் வைத்ததும் நாக்கும் தொண்டையும் அரித்து, முழுவதையும் கொட்டிவிட்டோம். என்ன தவறு செய்தேன்?

பதில்: வாருங்கள் மகளே, இப்படிக் கேட்டால்தான் எனக்கு உற்சாகம் வருகிறது.

பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. சேனையும் சேம்பும் அரிப்பது இதனால்தான். கொடி முற்ற முற்ற அரிப்பு கூடும். நுனியிலிருந்து மூன்று நான்கு கணுவரை மட்டும் எடுங்கள். வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் அதை மண்ணில் ஊன்றிவிடுங்கள், துளிர்க்கும்.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு ஓரத்து நாரையும் உரித்து, அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். இனி வதக்கல். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். ஒரு கைப்பிடிக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில், பச்சை நிறம் போய்ப் பழுப்பேறித் துண்டுகள் சுருங்கும்வரை வதக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். நீங்கள் மூன்று நிமிடத்தில் இறக்கியிருப்பீர்கள்.

இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பு, ஐந்து காய்ந்த மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து, நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்புடன் சேர்த்து அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவது அதுதான். அரைத்ததை மீண்டும் ஒரு முறை எண்ணெயில் பிரட்டி எடுத்தால் மூன்று நாள் கெடாது. சூடான சோறு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம்.

எலும்புக்கு நல்லதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக அப்படிச் சொல்லி வருகிறார்கள், ஆய்வுகளும் நடக்கின்றன. அதற்காக, கை முறிந்தவர் கட்டுப் போடாமல் துவையலை நம்பி உட்கார வேண்டாம்.

வேதியியல் வாத்தியார்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கால்சியம் ஆக்சலேட் தண்ணீரிலும் கரையாது, அசிட்டிக் அமிலத்திலும் கரையாது. ஹைட்ரோகுளோரிக் போன்ற வலுவான அமிலம் வேண்டும். புளி எப்படி அரிப்பை அடக்கும்?

பதில்: வாத்தியார் ஐயா, புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது அசிட்டிக்கைவிட வலுவானது.

வேதியியல் வாத்தியார்: வலுவானதுதான். நெல்லிக்காய் அளவுப் புளியில் இருக்கும் அமிலம் அத்தனை ஊசிகளையும் கரைக்கப் போதுமா என்பதே என் கேள்வி. வதக்கல்தான் வேலை செய்கிறது, பெயர் புளிக்குப் போகிறது என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்துப் பேரன்: எங்கள் வீட்டில் பழப்புளியும் விடுவார்கள், இறக்கியபின் தேசிக்காயும் பிழிவார்கள். செத்தல் மிளகாய் கொஞ்சம் அதிகம். ஒருநாளும் கடித்ததில்லை. அம்மம்மா பிரண்டையை முதலில் மோரில் ஊறவைப்பார்.

சேலத்து மாம்பழம்: எலுமிச்சை சேர்த்தால் துவையல் மறுநாளே ருசி மாறிவிடும். புளிதான் சரி.

பதில்: ஒவ்வொருவராக வாருங்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி, மோரில் ஊறவைப்பது இங்கேயும் உண்டு. தேசிக்காய் பிழிந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், சேலத்தார் சொல்வது சரிதான். வாத்தியார் ஐயா, சேம்பைப் பற்றிய ஆய்வுகளில், ஊசி குத்திய இடத்தில் ஒரு புரதமும் சேர்ந்து அரிப்பைக் கூட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். புரதம் சூட்டில் கெடும். அந்த வகையில் வதக்கலுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பை ஏற்கிறேன். ஆனால் புளியில்லாத பிரண்டைத் துவையலை எங்கள் பக்கத்தில் எவரும் இலையில் வைத்து நான் பார்த்ததில்லை. இத்தனை தலைமுறை நாக்குகளைப் பொய் சொல்லவைக்காதீர்கள்.

வேதியியல் வாத்தியார்: புளி ருசிக்கு என்றால் சரி. அரிப்புக்கு என்றால் சான்று வேண்டும்.

பதில்: ஒரே கொடி, ஒரே வதக்கல், பாதிக்குப் புளி, பாதிக்கு இல்லை. நீங்களே அரைத்து, எது எந்தக் கிண்ணம் என்று தெரியாமல் மனைவியிடம் கொடுத்துப் பாருங்கள். நடுவில் காத்திருப்பவர்களைக் கவனிக்கிறேன்.

இரண்டாம் பிள்ளைக்காரி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவலாமா?

பதில்: ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடல் தாங்கும், கைக்குழந்தையின் குடல் தாங்காது. துளசிச் சாறும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறிவேப்பிலை ரசிகை: பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரை...

பதில்: நிறுத்தாதீர்கள். மேலே சொல்லியாகிவிட்டது.

நாகர்கோவில்: கொல்லையில் பிலிம்பிக்காய் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. கொழுப்பு குறைய அதன் சாறு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: இன்றைக்கு வந்ததிலேயே நான் மிகவும் பயப்படும் கேள்வி இது. கேரளத்தில் இரும்பன் புளி என்பார்களே, அதேதான். கொழுப்பு குறையும் என்று அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு டயாலிசிஸ்வரை போனது. காரணம் மறுபடியும் ஆக்சலேட்தான். இங்கே அது கரைந்த வடிவில் இருப்பதால் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது.

உங்கள் பாட்டி அதே காயை மீன் குழம்பில் போட்டார். குழம்பில் ஐந்தாறு காய், அதை ஐந்து பேர் பகிர்ந்து உண்டார்கள். ஒரு குவளைச் சாற்றுக்கு எத்தனை காய் வேண்டும் என்று நீங்களே பிழிந்து எண்ணிப் பாருங்கள், எண்ணிவிட்டுக் கீழே ஊற்றிவிடுங்கள். மத்தி மீன் குழம்புக்குப் போடுங்கள், ஊறுகாய் போடுங்கள். அந்தப் புளிப்புக்கு ஈடு கிடையாது. வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் அவருக்கு அந்த ஊறுகாயும் வேண்டாம். நட்சத்திரப்பழத்தையும் அவர் கண்ணில் காட்டாதீர்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும்.

இதய நோயாளியின் மகன்: அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். முருங்கைக்கீரை கொடுக்கலாமா?

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி. கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்பதில்லை, அளவு திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது. வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். முருங்கைப்பொடி, கீரைச் சாறு போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். அப்பாவின் மருத்துவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

புதுமணப்பெண்: முருங்கைக்கீரைப் பொரியல் கசக்கிறது. இரும்புச்சத்து ஏறவேண்டும் என்று அத்தை தினமும் செய்யச் சொல்கிறார்.

பதில்: கொழுந்தாக ஆய்ந்து, மூடிபோடாமல் வேகவிடுங்கள். வெந்த துவரம்பருப்பும் தேங்காயும் சேர்ந்தால் கசப்பு அடங்கும். கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. அதே சாப்பாட்டில் தக்காளி ரசமோ எலுமிச்சையோ இருந்தால் கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு காபி, தேநீர் குடித்தால் குறையும். தினமும் செய்யத் தேவையில்லை என்று நான் சொன்னதாக அத்தையிடம் சொல்லுங்கள்.

மதுரை வெயில்: நிலவேம்பு, சிறியாநங்கை தினமும் எவ்வளவு?

பதில்: அவை சமையல் அல்ல, மருந்து. பெரிய அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

விருதுநகர்: வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு...

பதில்: பொரியல்.

அவசரக்காரர்: வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு...

பதில்: முதல் பத்தியைப் படித்தீர்களா?

சளி பிடித்தவர்: தூதுவளை ரசம் சொல்லுங்கள். கடுமையான இருமல் இல்லை, தொண்டைக் கரகரப்புதான்.

பதில்: இரண்டு கைப்பிடி இலை. முள்ளைப் பார்த்துக் கிள்ளுங்கள், இலையின் நடு நரம்பிலும் முள் இருக்கும். நெய்யில் சுருள வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு சேர்த்து நைய அரையுங்கள். புளிக்கரைசலில் தக்காளியைக் கசக்கிவிட்டு, மஞ்சள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்ததும் அரைத்ததைக் கரைத்துப் பருப்புத்தண்ணீர் விட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். கடுகு, காய்ந்த மிளகாய் நெய்யில் தாளியுங்கள். குழைந்த சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ரசத்தை விட்டுவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

வேதியியல் வாத்தியார்: வீட்டில் கேட்டேன். பிரண்டை வாங்கி வந்து உரித்துத் தருவதும் நானே என்றால் சோதனைக்குச் சம்மதமாம்.

பதில்: நியாயமான நிபந்தனை. கையில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். முடிவு வரும்வரை பிரண்டைத் துவையல் பற்றிய கேள்வி எதையும் எடுக்க மாட்டேன்.

கல்லிடைக்குறிச்சி: துவையல் இல்லை டீச்சர், அப்பளம். எங்கள் பக்கத்தில் உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவார்கள். அதையும் வேண்டாம் என்பீர்களா?

பதில்: சாறு என்ற சொல்லை நான் பொறுத்துக்கொள்ளும் ஒரே இடம் அப்பளம். பிரண்டையை இடித்துத் தண்ணீர்விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். ஆறியதும் அதில் உப்பையும் பெருங்காயத்தையும் கரைத்து, உளுந்து மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். எண்ணெய் தொட்டு உலக்கையால் நன்றாக இடித்தால்தான் பொரிக்கும்போது அப்பளம் பூக்கும். மேகம் போட்ட நாளில் தொடங்காதீர்கள்.