வாசகர் கேள்வி பதில்: பழைய லாரியில் மைலேஜ் கூட்ட எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: 14 வருட லாரி. மாதம் 6,000 கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 4 கி.மீ. தருகிறது. கேபின் மேல் காற்றுத் தடுப்பு, டீசல் மிச்சம் பிடிக்கும் ரேடியல் டயர், டீசல் குழாயில் மாட்டும் காந்தம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வண்டியை இன்னும் 3 வருடம்தான் வைத்திருப்பேன். எதில் பணம் போடலாம்?

பதில்: காந்தத்தை இப்போதே விட்டுவிடுங்கள். குழாய்க்கு வெளியே மாட்டும் காந்தம் டீசல் எரியும் விதத்தை மாற்றாது.

மற்றவற்றின் விலையை டீசல் லிட்டராக மாற்றிப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு மாதம் 1,500 லிட்டர் ஆகிறது. ஒரு பொருள் 3% மிச்சம் பிடித்தால் மாதம் 45 லிட்டர். அதன் விலைக்கு 450 லிட்டர் டீசல் கிடைக்கும் என்றால், போட்ட பணம் 10 மாதத்தில் திரும்பும். பழைய வண்டி எப்போது பெரிய வேலை வைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நீங்கள் வைத்திருக்கப்போகும் காலத்தில் பாதிக்குள், அதாவது 18 மாதத்துக்குள், திரும்பாத செலவு வேண்டாம். 3% மிச்சத்துக்கு அந்த வரம்பு 810 லிட்டர்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கி.மீ. வேகத்தில் இருப்பது 80-ல் 4 மடங்காகும். எனவே நெடுஞ்சாலையில் கேபினைவிட உயரமான பாடியோடு ஓடும் வண்டிக்குத்தான் காற்றுத் தடுப்பு பலன் தரும். ஊருக்குள் ஓடினால் பலன் இல்லை. பின்னால் தாழ்வான திறந்த பாடி என்றால் தடுப்பே காற்றை எதிர்த்து நிற்கும். டயரை, இருப்பது தேய்ந்து முடிந்த பிறகு மாற்றுங்கள். அப்போது விலை வித்தியாசம் மட்டும்தான் உங்கள் செலவு.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், வண்டி ஏற்கெனவே இழந்துவிட்ட மைலேஜை மீட்க வேண்டும். ஹீட் ஆகிறது என்று யாராவது தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் வால்வு) கழற்றிப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். அது இல்லாவிட்டால் இன்ஜின் 80 டிகிரியை எட்டவே நேரம் பிடிக்கும், அதுவரை டீசல் வீணாகும். 20 கி.மீ. ஓட்டி, கடைசியில் அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் ஷூ விடாமல் உரசுகிறது, இல்லையென்றால் பேரிங் டைட். பளு ஏற்றினால் கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு டேப்பெட் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் பாகம்) இடைவெளி, அதற்கும் பிறகுதான் டீசலைப் பீய்ச்சும் நாசிலும், டீசல் பம்பின் அளவைச் சரிசெய்யும் காலிபரேஷனும். வரிசையை மாற்றினால் ஃபில்டரில் முடிகிற வேலைக்குப் பம்பைப் பிரித்த கூலி கொடுப்பீர்கள். டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது. டயரில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் மீட்டர் கணக்குதான். 1,050 மி.மீ. விட்டமுள்ள டயரில் 12 மி.மீ. பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) தேய்ந்தால் விட்டம் 1,026 ஆகிவிடும். சின்ன சக்கரம் அதிகம் சுற்றுவதால் மீட்டர் 2.3% கூட்டிக் காட்டும். இதுவரை 4.1 என்று நீங்கள் எழுதிவைத்தது உண்மையில் 4.0-தான். தேய்ந்த டயர் கொஞ்சம் லேசாக உருளும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில், வண்டி ஒரே சமதளத்தில் நிற்க, டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஓடியபின் மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, அந்த லிட்டரால் தூரத்தை வகுங்கள். பளுவும் தடமும் மாறாமல் 3 முறை செய்து சராசரி எடுத்தால்தான் 3% வித்தியாசமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.