செபமாலை நேரத்தில் வரும் ஃபோன்

மதிப்பிற்குரிய சிஸ்டர்,

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். வயது 54. வீட்டில் இட்லி, தோசை சுட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்கிறோம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நடுராத்திரி வந்தால் நடுராத்திரி எழுந்து மாவரைக்க வேண்டும். அரைத்துவிட்டுப் படுத்தால் காலைப் பூசைக்கு எழுந்திருக்க முடிவதில்லை. முன்பெல்லாம் ஒரு நாள் தவறியதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடச் சில வாரம் தவறிப்போகிறது. கடவுள் என்னை விட்டு எங்கோ போய்விட்டார் என்றே தோன்றுகிறது.

மாமியார் படுத்த படுக்கை. துடைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். என் நாத்தனார் மகராசி. பிப்ரவரி வந்தால் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து, மாதா என்னிடம் பேசியது போலவே இருந்தது என்பாள். பெற்ற தாய்க்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டியதில்லை, அவளிடம் மாதா பேசுகிறாளாம்! பங்குச்சாமியிடம் சொல்லி அழுதேன். அன்றாட வேலையிலேயே கடவுளைத் தேடுங்கள் அம்மா என்றார். மாவிலும் மூத்திரத் துணியிலும் எங்கே தேடுவது? அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நற்செய்தியில் வருகிற மார்த்தாதான் நான். அடுப்படியோடு என் பங்கு முடிந்தது. அவள் சகோதரி மரியா மாதிரி ஆண்டவர் காலடியில் உட்கார எனக்குக் கொடுப்பினை இல்லை. வீட்டுக்காரர் எதற்கும் வாய் திறப்பதில்லை. நாத்தனாருக்கு மட்டும் எல்லாம் அமைகிறது.

எனக்கென்று இருப்பது ராத்திரி எட்டு மணிச் செபமாலை ஒன்றுதான். அதையும் நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை. மாமியார் கூப்பிடுவார், இல்லையென்றால் ஃபோன் அடிக்கும். மகன் தாய்லாந்தில், மஹாசாயில் மீன் கம்பெனியில் இருக்கிறான். 2024இல் இங்கே கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தபோது நான்தான் போகச் சொன்னேன். வேலை முடிந்து அவன் கூப்பிடுவதும் சரியாக அந்த நேரம்தான். போன வாரம்கூட, "அம்மா, நான் இனி அங்க திரும்பி வருவேன்னு தோணல" என்று ஏதோ ஆரம்பித்தான். செபமாலை சொல்கிறேன், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். அது கிடக்கட்டும். பூசையும் இல்லாமல், திருவிழாவும் இல்லாமல், என்னைப் போன்றவள் கடவுளை எப்படி உணர்வது? நாத்தனாருக்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

"அது கிடக்கட்டும்" என்று ஒன்றைத் தள்ளி வைத்தீர்களே, அதை நான் கிடக்க விடப்போவதில்லை. நாத்தனாருக்கு இத்தனை வரிகள் கொடுத்திருக்கிறீர்கள். மகனுக்குக் கொடுத்தது செபமாலைக்கும் கேள்விக்கும் நடுவில் ஒரு சின்ன சந்து. நாத்தனார்மேல் கோபப்படுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. மகனை நினைப்பது சுலபமாக இல்லை.

18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்களைப் படைக்கு அழைக்கிற சட்டம் அது. எத்தனையோ தாய்மார் செய்ததைத்தான் நீங்களும் செய்தீர்கள், பிள்ளையை எல்லை தாண்டி அனுப்பினீர்கள். இப்போது அவன் திரும்ப மாட்டேன் என்கிறான். உங்களை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை அம்மா. வர வழியில்லாத இடத்தில் நின்றுகொண்டு, அம்மா இதைத் தாங்குவாளா என்று பார்க்கிறான். நீங்கள் ஃபோனை வைத்துவிட்டீர்கள். போகச் சொன்னது நான்தானே என்ற நினைப்பு அந்த நிமிடம் உங்களைக் குத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். செபமாலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், தெரிகிறது. ஆனால் கடவுள் பேசவில்லை என்று எழுதுகிற அதே கடிதத்தில், ஃபோனை வைத்ததையும் எழுதியிருக்கிறீர்களே!

உங்கள் பங்குச்சாமி சொன்னது சும்மா ஆறுதல் வார்த்தை இல்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1551இல் எழுதிய ஒரு கடிதம் உண்டு. அந்தச் சபையில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் எப்படிச் செபிக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதில். படிப்பே அவர்களுடைய நேரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும், அதனால் நீண்ட தியானங்களில் உட்கார முடியாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பதிலாக, ஒருவரோடு பேசும்போதும், நடக்கும்போதும், பார்க்கும்போதும், சுவைக்கும்போதும், கேட்கும்போதும் கடவுளுடைய பிரசன்னத்தைத் தேடச் சொல்கிறார். கேட்கும்போது என்பதை இன்னொரு முறை படியுங்கள். மாவில் கடவுள் தெரியவில்லை என்றால் போகட்டும், எனக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மகன் குரலில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் பாதி மார்த்தாவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். லூக்கா நற்செய்தியில் வரும் அடுப்படி மார்த்தாவோடு நின்றுவிட்டீர்கள். யோவான் நற்செய்தி பதினொன்றாம் அதிகாரத்தில், சகோதரன் லாசர் இறந்த பிறகு ஆண்டவர் வருகிறார் என்று கேட்டதும் எதிர்கொண்டு போனவள் மார்த்தா. மரியா வீட்டிலேயே இருந்துவிட்டாள். மார்த்தா போய் என்ன சொன்னாள்? நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே மனத்தாங்கல்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நின்று அவளோடு பேசினார். உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே என்ற வார்த்தை அவளிடம்தான் முதலில் சொல்லப்பட்டது. நீங்கள் பங்குச்சாமியிடம் அழுதீர்கள், எனக்கு எழுதினீர்கள். பிள்ளை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று ஆண்டவரிடம் ஒரு நாளாவது சண்டை போட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மனத்தில் இருப்பதை மறைத்துக்கொண்டு மணியை மட்டும் உருட்டினால் எதிரில் யாரும் இல்லாதது போலத்தான் இருக்கும்.

பூசை பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் கிடப்பவரை விட்டு வர முடியாதவர் ஞாயிறு திருப்பலிக்கு வராததைத் திருச்சபை பாவமாக எண்ணுவதில்லை. மாமியாருக்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்குச்சாமியிடம் கேளுங்கள். பக்கத்திலிருக்கிற நீங்களும் வாங்கிக்கொள்ளலாம். நாத்தனாரிடம் வாரத்துக்கு ஒரு ராத்திரி தாயைப் பார்த்துக்கொள்ளும்படி வாய்விட்டுக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அப்போது கோபப்படலாம், நானும் சேர்ந்து கோபப்படுகிறேன்.

செபமாலையை ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள். எட்டு மணி மகனுக்கு. அவன் பாதியில் விட்ட பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள், அன்றைக்கு என்னமோ சொல்ல வந்தாயே, இப்போது சொல் என்று. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.