எம்ஜிபியை விற்க வேண்டாம்

இங்கிலாந்தில் நீங்கள் ஓட்டும் 1966 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் கதவுகளுக்குக் கீழே உள்ள தகடு துருப்பிடித்துவிட்டது, அமெரிக்காவின் போர்டு மஸ்டாங் காருக்கு எல்லா உதிரிபாகமும் கிடைக்கிறதாமே, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்.

மஸ்டாங் பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான். 1964 ஏப்ரலில் வந்து இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சம் விற்ற கார் அது. போர்டு தன் ரூஜ் ஆலையில் எஃகைக்கூடத் தானே வார்த்தது. எம்ஜியின் வழி வேறு. அபிங்டனில் இருந்த அதன் ஆலையில் பாகங்களைப் பூட்டும் வேலை மட்டுமே. பாடி சுவிண்டனிலிருந்தும், இன்ஜின் கவென்ட்ரியிலிருந்தும், மின்சாதனங்கள் லூகாஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. காரை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கையால் தள்ளினார்கள்! ஆனால் இந்தச் சிதறிய முறைதான் இன்று உங்களுக்குக் கைகொடுக்கிறது. அதே லூகாஸ் மின்சாதனங்களும் எஸ்யூ கார்புரேட்டர்களும் பல பிரிட்டிஷ் கார்களிலும் இருந்ததால் அவற்றுக்கான தேவை வற்றவில்லை. முழு பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டு செய்து தருகிறது. உங்களுக்குத் தேவை ஒரு தகடுதான். மஸ்டாங் என்றால் அமெரிக்காவிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் கப்பல் கூலி கட்டுவீர்கள்.

பாகம் வாங்கும்போது சாசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பிந்தைய மார்க் 2 மாடலில் எதிர்முனைதான் அப்படி இணைந்திருக்கும்; அதன் ஆல்டர்னேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் கருவியை) அப்படியே மாட்டினால் கருகிவிடும்.

இன்னொன்று: தகட்டை வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி பற்றவைக்கச் சொல்லுங்கள். கூரையில்லாத காரில் அந்தத் தகடுதான் பாரம் தாங்குகிறது. பாடி தொய்ந்துவிட்டால் பிறகு கதவு மூடாது.