எட்வர்டு காலத்து அமெரிக்கச் சிறுமியைப் பற்றிச் சிறுவர் கதை எழுத, அவளுடைய உடையைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஏழாம் எட்வர்டு மன்னர் 1901 முதல் 1910 வரை ஆண்டது பிரிட்டனை. மன்னரே இல்லாத அமெரிக்காவின் உடை வரலாற்றுக்கும் அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். உங்கள் கதைச் சிறுமிக்கு அது பெரும்பாலும் தியோடர் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த காலம், அவ்வளவே.

என் மகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக அக்காலத்தைப் பற்றிய சிறுவர் நாவல்களைத் தேடியபோது எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வசதியான வீட்டுச் சிறுமியின் உடை, அவள் பிறர் உதவியின்றி அணிந்துகொள்ள முடியாதபடியே தைக்கப்பட்டிருந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தி கவுனின் பொத்தான்கள் முதுகில் இருந்தன. கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணியின் சின்னஞ்சிறு பொத்தான்களை ஒரு கொக்கியால் இழுத்துத்தான் மாட்ட வேண்டும். அந்த வெள்ளை வெள்ளையாகவே இருக்க, துணியைக் கொதிநீரில் வேகவைத்துத் துவைத்து, நீலமும் கஞ்சியும் போட்டு, அடுப்பில் சூடேற்றிய இரும்புப் பெட்டியால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்க ஒருத்தி வேண்டும். நியூயார்க் போன்ற நகரங்களில் அவள் பல வீடுகளில் அயர்லாந்திலிருந்து வந்த பெண்ணாக இருந்தாள். அவளை விட்டுவிட்டு கவுனை மட்டும் வர்ணித்தால் கதை துணிக்கடை விளம்பரமாகிவிடும்.

1986-இல் வெளிவரத் தொடங்கிய சமந்தா பார்க்கிங்டன் என்னும் அமெரிக்கச் சிறுமியின் கதைகள் இதை ஓரளவு புரிந்துகொண்டவை. 1904-இல் பாட்டியின் செல்வ வீட்டில் வளரும் சமந்தாவுக்கு, தொழிற்சாலையில் உழைத்துவிட்டு வந்த நெல்லி என்னும் வேலைக்காரச் சிறுமி தோழியாகிறாள். நெல்லி சொன்னதைக் கேட்டபின், நாட்டின் முன்னேற்றத்தைப் புகழ்ந்து தான் எழுதிய பேச்சையே சமந்தா மாற்றிப் பேசுகிறாள். அந்தக் கதைகளோடு பொம்மையையும் அதற்கான உடைகளையும் சேர்த்து விற்றார்கள் என்பது வேறு விஷயம்!

பாவாடையின் நீளம் வயதைச் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்: சிறுமிக்கு முழங்காலளவு, அதன்கீழ் பெரும்பாலும் கறுப்புக் காலுறை, வளர வளர விளிம்பு கீழிறங்கும். சின்னப் பையன்களும் சில வயது வரை கவுன்தான் அணிந்தார்கள்.

ஸ்டூடியோ படங்களை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அவற்றில் இருப்பது பெட்டியிலிருந்து எடுத்த நல்ல உடை. 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 15 வயதுக்குட்பட்ட சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதை அறிய, பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களைப் பாருங்கள். கரோலினா நூற்பாலைகளில் கசங்கிய கவுனோடு, சிலர் வெறுங்காலோடு, சிறுமிகள் இயந்திரங்களின் நடுவே நிற்பார்கள். ஆலைக்காரர்களுக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துக்கொள்ள ஹைன் தன் உடுப்பின் பொத்தான்களையே அளவுகோலாக வைத்திருந்தார். தரையிலிருந்து ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு உயரம் என்பது அவருக்கு மனப்பாடம்.